மூலைகளை ஒட்டும் கணக்கு

நண்பர்களே, போசான், ஃபெர்மியான் என்ற இருவகைத் துகள்களை இணைக்கும் சமச்சீர்தான் மீச்சீர்மை. அந்தப் பெயரைக் கேட்டதும் ராட்சதத் துகள் முடுக்கிகளை நினைக்க வேண்டாம். இன்று நம் கையில் இடம்கூட இல்லை, காலம் மட்டும்தான். 1981-இல் இயற்பியலாளர் எட்வர்ட் விட்டன் மீச்சீர்மை எப்படி முறிகிறது என்று ஆராய, இந்தச் சின்னக் களத்தைத்தான் எடுத்துக்கொண்டார். சின்னது என்று நம்பி உள்ளே போனவர்கள் எளிதில் வெளியே வருவதில்லை.

ஒரு மீச்சீர்மைச் செயலி, அதாவது புலங்களின் மேல் செயல்படும் கணித விதி, போசானை ஃபெர்மியானாக்கும், ஃபெர்மியானைப் போசானாக்கும். அதையே இருமுறை செலுத்தினால் கால வகையீடு, அதாவது காலத்தோடு மாறும் வீதம், கிடைக்கும். வெவ்வேறு செயலிகள் இரண்டை இடம் மாற்றிப் பெருக்கினால் குறி மாறும். செயலிகள் பல இருந்தால் அது விரிந்த மீச்சீர்மை. இவ்விதிகளுக்கு இணங்கும் போசான், ஃபெர்மியான் புலங்களின் குடும்பங்கள் எத்தனை வகை?

2004-இல் மைக்கேல் ஃபோவும் ஜேம்ஸ் கேட்ஸும் இதைப் படமாக்கினார்கள். போசான் வெள்ளைப் புள்ளி, ஃபெர்மியான் கரும்புள்ளி, செயலிக்கு ஒரு நிறக் கோடு, கழித்தல் குறி வந்தால் விட்டுவிட்டு வரையும் கோடு. கானாவின் அக்கான் மக்களுடைய சின்னங்களின் பெயரையே வைத்து, அடிங்க்ரா என்றார்கள்.

நான்கு செயலிகளுக்கு நான்கு பரிமாணக் கனசதுரம்: 16 மூலைகள், எட்டு வெள்ளை, எட்டு கருப்பு. எதிரெதிர் மூலைகளை ஒட்டி ஒரே புள்ளியாக்கினால் நான்கு வெள்ளை, நான்கு கருப்பு, அதாவது 4+4 ஆகச் சுருங்கும். இரண்டே நிறங்களில் நடந்து சேரும் மூலையைத் தொடங்கிய மூலையோடு ஒட்டினால் என்ன? இரு செயலிகளின் பெருக்கலை இருமுறை செலுத்தினால் கழித்தல் குறி வரும். ஒட்டிய மூலையிலோ அந்தப் பெருக்கல் வெறும் மெய்யெண்ணைப் போல நடக்க வேண்டும்; எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் கழித்தலாக வராது. மூன்று நிறமென்றால் வெள்ளையும் கருப்பும் ஒட்ட வேண்டும், அதுவும் ஆகாது. நான்கில்தான் குறி கூட்டலாகிறது.

நடந்த நிறத்துக்கு 1, நடக்காத நிறத்துக்கு 0 என்று வைத்து, நான்கு நிறங்களிலும் நடந்து ஒட்டும் பாதையை 1111 என்று எழுதுங்கள். இது செய்தியில் பிழை திருத்தும் குறிமுறையின் சொல்! ஒவ்வொரு சொல்லிலும் ஒன்றுகளின் எண்ணிக்கை நான்கால் வகுபடும் குறிமுறைகளே இங்கு செல்லும். இந்த உறவைக் கண்டபோது எனக்குத் தூக்கம் போனது. எட்டுச் செயலிகளுக்கு நீட்டிக்கப்பட்ட ஹாமிங் என்ற பிழை திருத்தும் குறிமுறை, 16 சொற்கள். 256 மூலைகள் 16 ஆகி, 8+8 நிற்கும். பதினாறு செயலிகளுக்கோ மிகப்பெரிய குறிமுறைகள் இரண்டு. இரண்டும் 128+128 தருகின்றன, ஆனால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது. 32 செயலிகளுக்கு அத்தகையவை 85.

படத்தில் எந்தப் புள்ளி எந்த மட்டத்தில் நிற்கிறது என்ற உயரம் தனிக் கணக்கு. நான்கு செயலிகளின் 4+4-ஐயே மூன்று மட்டங்களில் 1-4-3, 2-4-2 புள்ளிகள் என்று அடுக்கலாம். அடிங்க்ராவில் அடங்காத குடும்பங்களும் உண்டு. அவற்றுக்கு இப்படியொரு படம் போட முடியாது.