எந்தப் போரர்னு கூகுளுக்குத் தெரியல

நடுவர் ஐயாவுக்கும் எதிரணிக்கும் சேலத்து மக்களுக்கும் வணக்கமுங்க. ஆராய்ச்சிக்கு நம்பி எறங்க வேண்டியது கட்டுரைங்கள வகை பிரிச்சு அடுக்கி வச்சிருக்கற லைப்ரரி டேட்டாபேஸா, சர்ச் இன்ஜினான்னு கேட்டிருக்கீங்க, டேட்டாபேஸ்தான்னு அடிச்சுச் சொல்ல வந்திருக்கேன், ஏன்னா இதுல நான் பட்டிருக்கேன்.

எம்எஸ்சி படிக்கறப்போ ஏற்காட்டுக் காப்பிச் செடியப் பத்தி ப்ராஜெக்ட். செடியத் தொளைக்கற வண்டத் தேடி "காப்பி போரர்"னு கூகுள்ல போட்டேன், வந்து கொட்டுச்சு, முதல் பக்கத்துல இருந்த நாலஞ்ச வச்சே எந்தப் பொறி வைக்கணும், அதுல என்ன ஊத்தணும்னு ஒரு சாப்டரே எழுதிட்டேன். அப்புறம் நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் போனா, அங்க கணக்கு வழக்கு பாக்கற ரைட்டர் அண்ணன் வாடிப்போன அரபிகா செடி ஒண்ண வெட்டி, தண்ட அருவாளால பொளந்து காட்டுனாரு. உள்ள சுரங்கமாட்டம் ஓடியிருக்கு, மரத்தூள் இறுகி அடைச்சுக் கெடக்கு, நடுவுல வெள்ளைப் புழு. "இது தண்டத் தொளைக்கறதும்மா, நீ எழுதியிருக்கறது காயத் தொளைக்கறது"ன்னாரு. ரெண்டும் வேற வேற வண்டுங்க, வண்ட இழுக்கப் பொறிக்குள்ள வைக்கற மருந்தும் வேற. ஒரு சாப்டர் மொத்தமும் போச்சு.

லைப்ரேரியன் மேடம்தான் கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ்னு விவசாய டேட்டாபேஸத் தொறந்து, ஸைலோட்ரீகஸ் குவாட்ரிபெஸ்னு அந்தத் தண்டுப் பூச்சியோட சயின்டிஃபிக் பேரப் போட்டுத் தேடச் சொன்னாங்க. அதுல ஒவ்வொரு கட்டுரைக்கும் எந்தப் பூச்சி, எந்தப் பயிரு, எந்த நாடுன்னு குறிச்சு வச்சிருக்காங்க, அதனால காய்ப் போரர் குறுக்க வரவே இல்ல. வருசத்த வச்சும் பிரிச்சுக்கலாம்.

எதிரணி அக்கா ஆராய்ச்சிக் கட்டுரை தேடறதுக்குன்னே 2004லயே கூகுள் ஸ்காலர் வந்தாச்சேன்னாங்க. வந்துச்சுங்க, நானும் பாக்கறேன், ஆனா துறை ஆளுங்க சரிபார்த்த கட்டுரைய மட்டும் காட்டுன்னு சொல்ல அதுல ஒரு பட்டன் உண்டா? தீசிஸ், இன்னும் யாரும் சரிபார்க்காத ப்ரீபிரின்ட் எல்லாம் ஒரே வரிசைல நிக்குது, புதுசா படிக்க வர்ற புள்ளைக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?

டேட்டாபேஸுக்குக் காசு கட்டணுமேன்னு இன்னொருத்தர் கேட்டாரு, நியாயமான கேள்வி, அதுலதான் நெறைய புள்ளைங்க பின்வாங்குதுங்க. ஆனா நம்ம நாட்டு பிஎச்டி ஆய்வேடுங்க இருக்கற ஷோத்கங்கா யாருக்கும் இலவசம். 2025 ஜனவரில இருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துல 30 பதிப்பகங்களோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல் அரசு கல்வி நிறுவனங்களுக்குக் கெடைக்குது. தனியார் காலேஜ் புள்ளைங்களுக்கும் இது வரணும், அதுக்காக நான் எதிரணியோட சேர்ந்தே குரல் கொடுப்பேன்.

டேட்டாபேஸ்ல கெடைச்ச கட்டுரைங்கள எடுத்துக்கிட்டு மறுபடி மலையேறினேன். வெயில் படற தண்டுலதான் அந்த வண்டு முட்டை வைக்கும், நெழல் கொறைஞ்சா தாக்குதல் ஏறும்னு படிச்சுச் சொன்னதும், ரைட்டர் அண்ணன் கீழ்ச்சரிவக் கையக் காட்டி, "சில்வர் ஓக்க வெட்டுன எடத்துலதாம்மா செடி மொத்தமும் போச்சு"ன்னாரு.