ஏழாம் நாளில் கண் திறந்த எலிகள்

நேயர்களுக்கு வணக்கம். காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிடுகிறது. துணியைச் சுற்றிக்கொள்கிறோம், சில நாளில் தோல் மூடிவிடுகிறது. மூடியது பெரிய விஷயமில்லை. மூடியதோடு நின்றதே, அதுதான் விஷயம். வேண்டிய அளவு செல்கள் பெருகின, பள்ளம் நிரம்பியதும் விட்டுவிட்டன. பெருகச் சொன்னது யார், போதும் என்றது யார்? வகுப்பறையில் எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காத கேள்வி இது.

பெருகச் சொல்வது வளர்ச்சிக் காரணி என்கிற புரதம். அதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் எனக்கு மேலே போக வராது. 1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற இத்தாலிய அம்மையாரும் ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளரும் நரம்பை வளரவைக்கும் பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சாற்றில் கலந்திருந்த நியூக்ளிக் அமிலத்தைச் சிதைப்பதற்காகக் கொஞ்சம் பாம்பு விஷம் சேர்த்தார்கள். பார்த்தால், நரம்பு முன்னைவிட அமோகமாக வளர்கிறது! தேடிய பொருள் விஷத்திலேயே ஏராளமாக இருந்திருக்கிறது. பாம்பின் விஷச் சுரப்பி உமிழ்நீர்ச் சுரப்பியின் இன்னொரு வடிவம்தானே? சரி, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்க்கலாம் என்று போனார் கோஹன். அதன் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றினார். எலிக்குட்டி கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இவை ஏழாம் நாளே திறந்துவிட்டன, பல்லும் முந்திக்கொண்டு முளைத்தது. நரம்புக்கும் கண்ணிமைக்கும் என்ன சம்பந்தம் என்று வேறொருவர் ஒதுக்கியிருப்பார். இவர் விடவில்லை. சாற்றில் இன்னொரு காரணியும் இருந்தது, தோல் செல்களைத் தூண்டும் ஈ.ஜி.எஃப். 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஈ.ஜி.எஃப். சொல்வதைக் கேட்பதற்குச் செல்லின் சவ்வில் ஏற்பி என்று ஒன்று நிற்கிறது, அதன் பெயர் ஈ.ஜி.எஃப்.ஆர். தலை வெளியே, வால் உள்ளே. நம் வீட்டு காலிங் பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள், அழுத்துவது வெளியே, அடிப்பது உள்ளே. தலையில் காரணி வந்து உட்கார்ந்ததும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும், வால்கள் விழித்துக்கொள்ளும், ‘பிரி’ என்ற செய்தி உட்கரு வரை போகும். அப்புறம் செல் அந்த ஏற்பியை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். செய்தி அடங்கும்.

பெல் சுவிட்ச் உள்ளேயே சிக்கிக்கொண்டால்? வாசலில் ஆளே இல்லை, மணி அடித்துக்கொண்டே இருக்கும். மறுபடி சொல்கிறேன்: காரணி வரவில்லை, ஆனாலும் ஏற்பி ‘பிரி, பிரி’ என்கிறது. புற்றுநோய் தொடங்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

கோழிக்கு ரத்தப் புற்றுநோய் தரும் வைரஸ் ஒன்று உண்டு. 1984இல் லண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டின் குழு, அந்த வைரஸ் சுமக்கும் மரபணு தலை வெட்டுப்பட்ட இதே ஏற்பியுடையதுதான் என்று காட்டியது. தலை போனால் அடங்கிக் கிடக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். காரணி வராத நேரத்தில் வாலை அடக்கி வைத்திருந்ததே அந்தத் தலைதான்!

மனிதரின் நுரையீரலில் தலை போக வேண்டியதுகூட இல்லை. மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும். ஏற்பியின் 858ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் என்ற இன்னொன்று வந்து உட்காரும், வால் விழித்தபடியே இருக்கும். புகையே பிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் இத்தகைய மாற்றங்கள் அதிகம். பிள்ளைகளுக்கும் வருமா என்று பயந்து கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை. வாழ்நாளில் அந்த நுரையீரல் செல்லில் நேர்ந்த மாற்றம் அது, கருவழி வந்ததல்ல. இது ஒன்றே புற்றுநோயாகிவிடுவதும் இல்லை, பெருக்கத்தைத் தடுக்கும் மரபணுக்களும் பழுதாக வேண்டும்.

மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 என்ற ஏற்பியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் நெருங்குகிறது. அங்கே பெரும்பாலும் எழுத்துப் பிழை இல்லை, மரபணுவின் பிரதிகள் பெருகி ஏற்பிகள் கூட்டமாகிவிடுகின்றன, அவ்வளவுதான். அதற்கான டிராஸ்டுசுமாப் மருந்து 1998இல் அனுமதி பெற்றது.

நுரையீரலுக்கு கெஃபிட்டினிப் போன்ற மாத்திரைகள் உண்டு, வாலின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். நாளாவட்டத்தில் 790ஆம் இடம் மாறி மருந்தை ஏமாற்றுவதும் உண்டு, அதற்கு ஒசிமெர்ட்டினிப் வந்தது. இவை எல்லாருக்கும் அல்ல, மாற்றம் உள்ளவர்களுக்குத்தான். வீட்டில் யாருக்காவது நுரையீரல் புற்றுநோய் என்று சொன்னால், எடுத்த திசுவில் ஈ.ஜி.எஃப்.ஆர். சோதனை செய்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறேயில்லை. நன்றி, வணக்கம்.