மெட்ரோவில் வந்த 150 குதிரைகள்

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, சாயங்காலம் ஐந்தரைக்கே கைக்குட்டை போட்டு முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெரியவர்களே, வணக்கம். வணக்கம் சொல்லியே இரண்டு நிமிடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. எதிரணிச் சகோதரி எனக்கு நிறைய வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். நடுத்தரக் குடும்பம் கையைக் கடிக்காத விலையில் ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கும்போது பார்க்க வேண்டியது பிக்கப்பா, சொகுசா? நான் பிக்கப்பு அணி. நான்கு பக்கம் குறிப்பு எழுதி வந்தேன். ஆனால் சகோதரி கடைசியில் என்ன சொல்லி உட்கார்ந்தார்? "பிக்கப்பு அணியில் ஒருத்தர் 150 குதிரைசக்தி வண்டி வாங்கி வைத்திருக்கிறார். இன்றைக்கு இந்த மன்றத்துக்கு எதில் வந்தார் தெரியுமா? மெட்ரோ ரயிலில்! அண்ணா நகர் டவர் ஸ்டேஷன் எஸ்கலேட்டரில் என் கண்ணால் பார்த்தேன். 150 குதிரையையும் லாயத்தில் கட்டிப்போட்டுவிட்டு டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார்!"

நீங்களும் கைதட்டினீர்கள். இதோ, இந்த வரிசையில் ஒரு ஐயா எழுந்து நின்றே தட்டினார். ஐயா, உங்களை நான் மறக்க மாட்டேன்.

சரி, குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். நான் ஏன் மெட்ரோவில் வந்தேன் என்பதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை. குரோம்பேட்டையிலிருந்து மாமியாரை ஆதம்பாக்கம் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். அவர் மடியில் மஞ்சள் பை. பைக்குள் எவர்சில்வர் தூக்கு. தூக்குக்குள் வத்தக்குழம்பு. ஊரில் காய்ந்த சுண்டைக்காய் வத்தல், நல்லெண்ணெய் மேலே ஒரு விரல்கடை மிதக்கும். "டிக்கியில் வைக்கலாமே அத்தை" என்றேன். "உங்க வண்டி டிக்கியை நம்பி என் குழம்பை வைப்பேனா?" என்றார். மடியிலேயே வைத்துக்கொண்டார், கைக்குழந்தை மாதிரி.

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்கு ஆதம்பாக்கம் பக்கம் தடுப்பு கட்டியிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் உள்தெரு வழியாக வந்தேன். முதல்நாள் இல்லாத ஒரு வேகத்தடை அன்றைக்கு அங்கே முளைத்திருந்தது. வெள்ளைக்கோடு இல்லை, பலகை இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ மிச்ச சிமென்டைக் கொட்டி, புண்ணியம் தேடியிருக்கிறார்கள். என் வேகம் அப்போது 20. மீட்டரைப் பார்த்துத்தான் சொல்கிறேன். முன்சக்கரம் ஏறியது. "அம்மாடி" என்றார் மாமியார். பின்சக்கரம் ஏறியது. தூக்கின் மூடி எழுந்தது. குழம்பும் எழுந்தது.

அப்புறம் இறங்கியது. ஆனால் தூக்குக்குள் இறங்கவில்லை.

நடுவர் ஐயா, இது நடந்தது. இனி நடக்காததைச் சொல்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னார்: "மாப்பிள்ளை 60-ல ஓட்டிட்டு வந்தார், மாமி." நான் சும்மா இருந்தேன். பெரியவர்கள் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். கை கழுவிவிட்டுத் தாம்பரத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார். அங்கே 80 ஆகிவிட்டது. அடுத்து விழுப்புரத்துக்குப் போன். 100! மதுரையில் சின்ன மாமனார் எடுத்தபோது நான் 140-ல் பறந்துகொண்டிருந்தேன். எங்கள் அணி மெச்சும் ஹூண்டாய் வெர்னா டர்போ காருக்கு 0-விலிருந்து 100-ஐ எட்ட எட்டு வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும் என்று கம்பெனி சொல்கிறது. என் மாமியார் இரண்டே போன் காலில் எட்டினார். இவரைவிட நல்ல பிக்கப்பு எந்த ஷோரூமில் இருக்கிறது, சொல்லுங்கள்!

என் மனைவியின் பாடம் இன்னும் தனி. அதில் வேகத்தடையே கிடையாது. "சும்மா நேரா வந்துட்டிருந்தோம், இவர் வேணும்னே மிதிச்சார். எங்கம்மா குழம்புன்னா இவருக்கு ஆகாது" என்பது அவர் வாக்குமூலம். பாவம், வண்டி இருவருக்கும் நடுவில் நிற்கிறது. ஏ.சி.யைப் போட்டால் முதல் காற்று சுண்டைக்காய்க் காற்று. வாட்டர் வாஷ் கடைப் பையன் பல்துலக்கும் பிரஷ் எடுத்து, சீட்டுக்கு அடியில் சீட் முன்னும் பின்னும் ஓடும் அந்தத் தண்டவாளத்திலிருந்து வத்தலை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தான். பதினொன்று. எண்ணி என் உள்ளங்கையில் வைத்தான். "சார், நல்ல வத்தல் சார், அலம்பிட்டு வறுக்கலாம்" என்றான்.

ஆக, வண்டி வாட்டர் வாஷுக்குப் போனது. இதைக் கேட்டதும் எதிரணி ஐயா குதிக்கிறார், "பார்த்தீர்களா, சொகுசு வண்டியாக இருந்தால் குழம்பு கொட்டியிருக்காது" என்று. ஐயா, கொஞ்சம் உட்காருங்கள். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொன்ன அளவில் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அது ஒரு மெத்தை மாதிரி ஏறி இறங்க வேண்டியது. எங்கள் தெருவில் போட்டிருப்பது தென்னை மரத்தை அறுத்துக் குறுக்கே போட்ட மாதிரி. அதில் பல்லக்கைத் தூக்கிப் போனாலும் குழம்பு கொட்டும்.

டயரைப் பற்றியும் சொன்னார்கள், எங்கள் வண்டிக்கு டயர் ஒல்லி, அதனால் இடுப்பு போகிறது என்று. எங்கள் அணி மெச்சும் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜி.டி. காரில் இருப்பது 205/55. அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் பக்கச்சுவர். கணக்குப் போட்டால் 113 மில்லிமீட்டர் ரப்பர். நீங்கள் மூச்சுக்கு மூச்சு மெச்சினீர்களே ஹோண்டா சிட்டி, அதன் மேல்மாடலில் வந்த டயர் 185/55. அதன் பக்கச்சுவர் 102-ஐத் தாண்டாது. யார் டயர் ஒல்லி? கேள்வியை நான் கேட்டுவிட்டேன். பதில் வராது, தெரியும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கத்திப்பாராவில் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஊர்ந்து போகும்போது தானே மாறும் எங்கள் டூயல் கிளட்ச் கியர் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் யோசிக்கும். அந்த இடத்தில் சிட்டியின் சி.வி.டி. கியர், அதாவது படிப்படியாக மாறாத கியர், நெய்யில் நழுவுகிற மாதிரி போகும். உண்மை. ஆனால் மனிதன் கத்திப்பாராவிலேயே குடியிருக்கிறானா? கொல்லிமலைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவு. மெத்து மெத்தென்று சஸ்பென்ஷன் வைத்த வண்டி ஒவ்வொரு வளைவிலும் பரிசல் மாதிரி சாயும். முப்பதாவது வளைவில் பின்சீட்டில் இருப்பவர் எலுமிச்சம்பழம் கேட்பார். நாற்பதாவது வளைவில் கேட்க மாட்டார், கதவைத் திறப்பார். சற்றே விறைப்பான சஸ்பென்ஷன் வண்டி வளைவில் அவ்வளவு சாயாது. சொகுசு என்றால் எது, சொல்லுங்கள்.

திண்டிவனம் தாண்டி செஞ்சி போகிற இருவழிச் சாலையில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டியிருக்கிறீர்களா? நான் முந்தும்போது 80-ல் போகிறேன் என்று வையுங்கள், எதிரே லாரி 60-ல் வருகிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒவ்வொரு வினாடியும் 39 மீட்டர் கரைகிறது. முந்தி முடிக்க மூன்று வினாடி குறைந்தால் 117 மீட்டர் எனக்கு மிச்சம். அந்த மூன்று வினாடிக்குத்தான் பிக்கப்பு. 1.5 லிட்டர் டர்போ என்ஜின் நிமிடத்துக்கு 1,500-1,600 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் கொடுப்பதும் அதற்குத்தான். ஷோரூம் விலை 15-லிருந்து 20 லட்சத்துக்குள் கிடைக்கிற வண்டியில் இவ்வளவு இழுவை ஒரு காலத்தில் கனவு.

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. இன்னும் ஒன்று மட்டும்.

சொகுசு, சொகுசு என்று மூன்று பேர் பேசினீர்களே, யாருக்குச் சொகுசு என்று ஒருவராவது சொன்னீர்களா? கால் நீட்ட இடம் என்றீர்கள், பின்சீட்டில். ஏ.சி. காற்று என்றீர்கள், பின்சீட்டுக்கு. தலை சாய்க்க வசதி என்றீர்கள், அதுவும் பின்சீட்டில். ஓட்டுகிறவனை ஒருவரும் பேசவில்லை.

என் அப்பா டிரைவர். பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்த ஒரு முதலாளியிடம் 34 வருடம் அம்பாசிடர் ஓட்டினார். ஸ்டியரிங்கிலேயே கியர் இருந்த காலத்திலிருந்து. காலையில் முதலாளி பின்சீட்டில் பேப்பரை விரித்து, டபராவில் காபியோடு உட்காருவார். காபி ததும்பக் கூடாது. அப்பாவின் வேலைக்கு அதுதான் அளவுகோல். "டேய், வண்டியை யார் ஓட்டுறாங்கன்னு பின்னாடி இருக்கிறவருக்குத் தெரியவே கூடாது, அதுதான்டா டிரைவிங்" என்பார். வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால்கூட அப்படித்தான் நடப்பார், சத்தமே இல்லாமல்.

இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் வருவதற்கு முன்னால் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். முதலாளி குடும்பத்தை ஒவ்வொரு வருடமும் அப்பாதான் அழைத்துப் போவார். அவர்கள் உள்ளே போவார்கள். அப்பா வெளியே வண்டிக்குக் காவல். புளியமரத்தடியில், பானெட்டில் சாய்ந்தபடி. திரும்பி வந்து எனக்குக் கதை சொல்வார். வண்டி எப்படி இருந்தது என்று சொல்ல மாட்டார். எப்படிக் கத்தியது என்று மட்டும் சொல்வார்.

நான் இந்த வண்டியை வாங்கிய மாதம், ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கு அவரை அழைத்துப் போனேன். சாவியைக் கொடுத்தேன். வயது 71. சீட்டை இழுத்துப் போட்டார். கைவிரல் தானாக மேலே போய் உள்கண்ணாடியைக் கீழே சாய்த்தது, பின்சீட்டில் இருப்பவர் முகம் தெரிகிற அளவுக்கு. பின்சீட்டில் யாருமில்லை. பத்து நிமிடம் 40-ல் ஓட்டினார். காபி வைத்திருந்தால் அசைந்திருக்காது.

"மிதிங்கப்பா" என்றேன்.

"எதுக்குடா?"

"சும்மாதான்."

கண்ணாடியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அப்புறம் மிதித்தார். வண்டி எழுந்தது. அவர் தலை போய் பின்னால் சாய்ந்ததைப் பார்த்தேன். முள் 80-ஐத் தொட்டதும் காலை எடுத்துவிட்டார். அதற்கு மேல் போகவில்லை. கொஞ்ச தூரம் பேசவில்லை. "உள்ளே இருந்து கேட்டா வேற மாதிரி இருக்குடா" என்றார். கையை உயர்த்திக் கண்ணாடியைச் சாலைக்குத் திருப்பினார்.

சகோதரி, உங்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. வத்தக்குழம்பு வண்டி வாட்டர் வாஷ் முடிந்து நேற்றே வந்துவிட்டது. சாயங்காலம் இங்கே கிளம்பும்போது ஆணியில் சாவியைத் தேடினேன். இல்லை. "உங்கப்பா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்னு மூணு மணிக்கே எடுத்துட்டுப் போனார்" என்றார் அம்மா. போன் போட்டேன். அடுப்பங்கரையில் அடித்தது. போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆலந்தூரில் ரயில் ஏறினேன். வணக்கம்.