ஃபைபர் படகின் ஓட்டையைச் செப்பனிடும் முறை

நேயர்களுக்கு வணக்கம். கட்டுமரமும் மர வள்ளமும் நின்ற நம் கடற்கரைகளில் இன்று பெரும்பாலும் ஃபைபர் படகுகளே நிற்கின்றன. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வளத் திட்டமான வங்காள விரிகுடாத் திட்டத்தினர் 1980-களில் கரையேற்றத் தக்க ஃபைபர் படகுகளை வடிவமைத்துச் சோதித்துப் பார்த்தனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்டவற்றில் பெரும்பங்கு ஃபைபர் படகுகள். படகு மாறிய வேகத்துக்கு அதைச் செப்பனிடும் அறிவு பரவவில்லை என்பது என் கருத்து. மர வள்ளத்தில் அடிப்பலகை போனால் படகுத் தச்சரான ஓடாவி அதைக் கழற்றி வேறு பலகை வைப்பார். ஃபைபர் படகில் பலகையும் இல்லை, பொருத்தும் இல்லை. உடல் முழுவதும் ஒரே தோல். அந்தத் தோலில் விழும் ஓட்டையை எப்படிச் சரிசெய்வது என்பதைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. படகு கட்டும்போது பாலியெஸ்டர் ரெசின் என்னும் இறுகும் பிசின் ஈரமாக இருக்கையிலேயே, மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பை அடுக்கடுக்காக வைப்பதால், அடுக்குகள் எல்லாம் வேதிவினையால் ஒன்றாகிவிடுகின்றன. இறுகி ஆண்டுகள் கழிந்த தோலின்மேல் புது ரெசினைப் பூசும்போது அவ்வாறு ஒன்றாவதில்லை; சொரசொரப்பான பரப்பைப் புது ரெசின் பற்றிக்கொள்கிறது, அவ்வளவே. ஆகவே செப்பனிட்ட இடத்தின் வலிமையைத் தீர்மானிப்பது அந்தப் பிடிமானப் பரப்பு. ஓட்டைக்குள் புட்டியை அடைத்து மேலே ஒரு துண்டு மேட்டை ஒட்டினால், பிடிமானம் ஓட்டையின் விளிம்பளவுதான் கிடைக்கும். அலை அடிக்க அடிக்கத் தோல் வளையும்போது அந்த அடைப்பு தனியே பெயர்ந்துவிடும்.

பாறையிலோ துறைமுகச் சுவரிலோ மோதி விழுந்த ஓட்டையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சேதம் இருக்கும். சிறு சுத்தியலாலோ நாணயத்தாலோ தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலிக்கும் பகுதியையும் வெளுத்துப்போன பகுதியையும் தயங்காமல் வெட்டி எடுத்துவிட வேண்டும். கையளவு ஓட்டை முழத்துக்கு வளர்வதைப் பார்க்கப் படகுக்காரருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆயினும் வேறு வழியில்லை. வெட்டிய மூலைகள் வட்டமாக இருக்கட்டும், கூர்மூலையில்தான் அடுத்த விரிசல் தொடங்கும்.

அடுத்து உப்பைப் போக்க நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில் காய விட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று அறிய, அந்த இடத்தில் ஒரு பாலித்தீன் தாளை நான்கு புறமும் டேப்பால் ஒட்டி இரவு முழுவதும் விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் இன்னும் சில நாள் காத்திருக்க வேண்டும். ஈரத் தோலில் ரெசின் பற்றாது.

இனி மிக முக்கியமான வேலையான சரிவுக்கு வருகிறேன். அசிட்டோனால் மெழுகையும் எண்ணெயையும் துடைத்த பிறகே, ஓட்டையின் விளிம்பிலிருந்து சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமனைப் போல் 12 மடங்கு அகலச் சரிவு என்பது நம்பத் தக்க கணக்கு. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலென்றால் ஒவ்வொரு புறமும் 6 சென்டிமீட்டர்; 10 சென்டிமீட்டர் ஓட்டை சரிவோடு சேர்த்து 22 சென்டிமீட்டராகிவிடும். 40 எண் போன்ற முரட்டு உப்புத்தாள்தான் இதற்கு ஏற்றது. வழவழப்பாக்குவது அழகு வேலை, அதற்கு இங்கே இடமில்லை. கண்ணாடி இழைத் தூசி நம் உடல் தோலையும் மூச்சையும் உறுத்துமாதலால், முகக்கவசமும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் கிரைண்டரைத் தொடக் கூடாது.

உட்புறத்தை எட்ட முடிந்தால் உள்ளிருந்தே சரிவு எடுப்பது நல்லது. மெழுகு தேய்த்த சன்மைக்காத் தகட்டை வெளிப்புறம் வளைத்துக் கட்டி, அதன்மேல் முதலில் ஜெல்கோட் என்னும் வழவழப்பான வெளிப்பூச்சைப் பூசிவிட்டால், வேலை முடிந்தபின் தகட்டைக் கழற்றும்போது வெளித்தோல் வழவழப்பாகவே வந்துவிடும். உள்ளே மிதவைக்காகத் தெர்மோகோல் வைத்திருந்தால் அதை முதலில் அகற்றிவிடுங்கள். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும்.

ரெசின் கலப்பதில் உயிர்ப் பாதுகாப்பு இருக்கிறது. கோபால்ட் எனப்படும், இறுகுவதை விரைவுபடுத்தும் ஆக்ஸிலரேட்டரையும், ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, அது வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். கோபால்ட் கலந்தே விற்கப்படும் ரெசினும் உண்டு, ஆகவே வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். உடனே கால் மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். கேட்டலிஸ்டின் அளவு, ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். நம் ஊர் வெயிலுக்குக் குறைந்த அளவே போதும், ஆனால் 10 கிராமுக்குக் கீழே போனால் ரெசின் முழுதாக இறுகாமல் போகலாம். சீக்கிரம் இறுகட்டுமென்று அளவுக்கு மேல் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது நொறுங்கும் தோல். உச்சிவெயிலைத் தவிர்த்து, நிழலில், மழையும் பனியும் படாத நேரத்தில் வேலை செய்யுங்கள்.

பழைய தோலைத் தொடும் முதல் அடுக்கு மேட்டாகத்தான் இருக்க வேண்டும். ரோவிங் எனப்படும் நெய்த கண்ணாடி இழைத் துணியை நேராக வைத்தால் அதன் கண்களுக்கிடையே பிடிமானம் குறையும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும். பெரிய துண்டை முதலில் வைப்பதா, சிறியதை முதலில் வைப்பதா என்பதில் கைவினைஞர்களிடையே வாதம் உண்டு. நான் பெரியதையே முதலில் வைக்கச் சொல்வேன். சரிவு முழுவதையும் ஒரே துண்டு பற்றிக்கொள்கிறது, மேலே தேய்க்கும்போதும் அதற்குச் சேதமில்லை. ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழைத் துரத்த வேண்டும். மூன்று நான்கு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் வைத்தால் வெப்பம் ஏறி ரெசினில் விரிசல் விழும்.

கடலில் இருக்கும்போது ஓட்டை விழுந்தால், நீருக்கடியிலும் இறுகும் எபாக்ஸி புட்டி கரை சேர உதவும். ஆனால் எபாக்ஸியின்மேல் பாலியெஸ்டர் சரியாகப் பற்றாது, ஆகவே கரைக்கு வந்ததும் அந்தப் புட்டியை ஒரு துளியும் விடாமல் தேய்த்து எடுத்த பிறகே மேலே சொன்ன வேலையைத் தொடங்க வேண்டும்.

ஒரு நாள் கழித்து மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் ரெசின் இன்னும் இறுகவில்லை. பிசுபிசுக்காவிட்டாலும் ஒரு வாரம் கரையில் விட்டு, அதன் பிறகே படகைத் தள்ளுங்கள். முதல் சில நடைகளில் அந்த இடத்தின் உட்புறத்தில் கசிவு தெரிகிறதா என்று கரை திரும்பியதும் கையால் தடவிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.