கரை தெரியாத நாட்கள்

வணக்கம்.

நீண்ட கப்பல் பயணம் போய்வந்தேன் என்று சொன்னால், யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, "எந்தெந்த ஊர் பார்த்தீர்கள்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "நடுக்கடலில் அத்தனை நாள் என்ன செய்தீர்கள், போரடிக்கவில்லையா?" ஊர்களைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இன்றைக்கு அந்த இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பல வருடங்களாக என் மனதில் கிடக்கிற விஷயம் அது.

பசிபிக்கில் தென்மேற்காகப் போன ஒரு பயணத்தில், தொடர்ந்து எட்டு நாள் கரையே கண்ணில் படவில்லை. முதல் நாள் எல்லாரும் குதூகலமாகத்தான் இருந்தோம். கப்பலைச் சுற்றிப் பார்த்தோம், நூலகம் எங்கே, நீச்சல் குளம் எங்கே என்று தெரிந்துகொண்டோம். இரண்டாம் நாளும் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலையில் மேல்தளத்துக்கு வந்து பார்த்தால், நேற்றுப் பார்த்த அதே கடல். அப்போதுதான் பலருக்கு முகம் மாறியது. சிலர் சீட்டாட்டத்துக்குப் போனார்கள், சிலர் தூங்கினார்கள். தவறில்லை. பாட்டுக் கச்சேரி, நடன வகுப்பு, சொற்பொழிவு என்று கப்பலிலும் மணிக்கொரு நிகழ்ச்சி வைத்திருப்பார்கள். ஆனால் அதெல்லாம் கரையிலும் கிடைக்கிறதே. நடுக்கடலில் மட்டும் கிடைப்பது வேறு.

அதைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெரியவர். புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு, கப்பலின் பின்பக்கத் தளத்தில் வலது ஓரத்து நாற்காலியில் மடித்த வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு அடித்ததும் ஒலிபெருக்கியில் கேப்டன் பேசுவார். கப்பல் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேற்று நண்பகலிலிருந்து வந்த தூரம், காற்றின் வேகம், அடியில் இருக்கும் ஆழம் எல்லாம் சொல்வார். பலர் அதைக் காதிலேயே வாங்க மாட்டார்கள். இவர் மட்டும் பென்சிலால் வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான்.

"ஐயா, தினமும் இதைச் செய்கிறீர்களே" என்று கேட்டேன். "உட்காருங்கள் தம்பி" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "நேற்றுப் புள்ளிக்கும் இன்றைய புள்ளிக்கும் நடுவே உங்கள் கட்டைவிரலை வையுங்கள்." வைத்தேன். சரியாக விரல் அகலம். "இதுதான் நேற்று நீங்கள் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்ன நாள்" என்றார்.

20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல்மைல் போகிற கப்பல் ஒரு நாளில் 480 கடல்மைல் கடக்கும். கடல்மைல் ஒன்று 1,852 மீட்டர். கிட்டத்தட்ட 890 கிலோமீட்டர் வருகிறது. அத்தனை தூரம் நாம் தூங்கி, சாப்பிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே நடந்துவிடுகிறது. அன்றைக்கு அடியில் ஆழம் நாலாயிரம் மீட்டருக்கு மேல் என்று கேப்டன் சொன்னார். அதைக் கேட்டுவிட்டுக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தபோது, நேற்றுப் பார்த்த அதே தண்ணீர் எனக்கு வேறாகத் தெரிந்தது.

அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று: ஒரே இடம், ஒரே நேரம். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கடல் மாறுவது தெரியாது என்பார். சோதித்துப் பார்த்தேன், உண்மைதான். ஒரே இடத்தில் நின்று பார்த்தால், நேற்று வெள்ளை நுரை அங்கொன்று இங்கொன்றாக இருந்தது, இன்று எங்கு பார்த்தாலும் இருக்கிறது என்பது சட்டென்று தெரியும். நுரையை வைத்தே காற்றைச் சொல்லிவிடலாம். 1805-இல் பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி வகுத்த அளவுகோல் அதற்குத்தான், பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டு வரை. நுரை சிதறலாகத் தெரிந்தால் மூன்று. அடிக்கடி தெரிந்தால் நான்கு. பதினொன்றே முக்காலுக்கே கடலைப் பார்த்து என் கணக்கை எழுதி வைத்துவிட்டு, பன்னிரண்டுக்குக் கேப்டன் சொல்வதோடு ஒப்பிடுவேன். ஐந்தாம் நாள் இரண்டும் ஒன்றாக வந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது சொல்லும்போதும் உணர்கிறேன்.

இன்னொன்று, தளத்தை மாற்றினால் கடலே மாறும். முப்பது மீட்டர் உயரத்தில் நின்றால் தொடுவானம் சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும். நாலாபுறமும் அப்படியே. ஒரு முழு வட்டம், அதன் நடுவில் நாம். மோதிரத்தைக் கணையாழி என்கிறோமே, அந்த ஆழிக்குச் சக்கரம், வளையம் என்றெல்லாம் பொருள். கடலுக்கும் ஆழி என்றுதான் பெயர். கரையில் நின்று பார்த்தால் கடலில் பாதி வட்டம்கூட முழுதாகத் தெரியாது. நடுக்கடலில் நின்றபோது, இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன என்று தோன்றியது. சரி, கீழ்த்தளத்துக்கு இறங்கினால்? வட்டம் சுருங்கிவிடும், ஆனால் தண்ணீர் பக்கத்தில் வந்துவிடும். பறக்கும் கோலா மீன்களை அங்கிருந்துதான் பார்க்க முடியும். கப்பல் கிழித்துப் போகும் அலையிலிருந்து கும்பலாக எழும்பும். சிறகடிப்பதில்லை, துடுப்பை விரித்தபடி மிதந்தே போகும். விழப் போகிறது என்று நினைக்கும்போது வாலின் நுனி தண்ணீரைத் தொட்டு அடிக்கும், மறுபடி எழும்பும். தண்ணீர்மேல் தையல் போட்டதுபோல அந்தக் கோடு ஒரு நொடி நிற்கும்.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மேற்கே போகப் போகச் சில இரவுகளில் படுக்கையில் ஒரு சிறு அட்டை இருக்கும்: இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். பதினைந்து பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம். அந்த நாளுக்கு இருபத்தைந்து மணி. இந்தக் கூடுதல் மணிகளையெல்லாம் யார் கொடுக்கிறார்கள்? இதற்குப் பெரியவர் சொன்ன கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். 1519-இல் மகெல்லன் தலைமையில் ஸ்பெயினிலிருந்து ஐந்து கப்பல்கள் மேற்கே புறப்பட்டன. மகெல்லன் நடுவழியில் இறந்துவிட்டார். 1522-இல் விக்டோரியா என்ற ஒரே கப்பல் உலகைச் சுற்றி முடித்தது. அதில் பிகஃபெட்டா என்ற இத்தாலியர் இருந்தார். ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதியவர். திரும்பும் வழியில், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வர்டித் தீவுகளில் ஒதுங்கியபோது, இவர்கள் கணக்கில் அன்று புதன்கிழமை. கரையில் இருந்தவர்களோ வியாழக்கிழமை என்றார்கள்! எழுதியது தப்பில்லை. சூரியன் போகும் திசையிலேயே போனதால், கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட நாட்கள் சேர்ந்து ஒரு முழு நாளை விழுங்கிவிட்டன. இன்று நாம் பசிபிக் நடுவே தேதி மாறும் எல்லையான தேதிக் கோட்டைத் தாண்டும்போது ஒரே இரவில் அந்த நாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

தினமும் எழுதியவர் என்பதால்தான் அந்த ஒரு நாள் காணாமல் போனது அவருக்குத் தெரிந்தது. அதனால் மறுபடியும் சொல்கிறேன், ஒரே இடம், ஒரே நேரம், கையில் நோட்டு.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். குமட்டலுக்கு என்ன செய்வது என்று சொல்ல நினைத்திருந்தேன். கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு, வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள், அது போதும். ஆனால் இரவைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. விளக்கு இல்லாத மூலை ஒன்றைக் கண்டுபிடித்து, வடக்கே துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மூடினால் அது சுமார் பத்துப் பாகை. தொடுவானத்திலிருந்து நட்சத்திரம் எத்தனை முஷ்டி உயரத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். முஷ்டிக்குப் பத்துப் பாகை என்று கணக்கிட்டால், கிட்டத்தட்ட அதுதான் நீங்கள் இருக்கும் அட்சரேகை. முதல் இரவு எனக்கு மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. தெற்கே போகப் போக, ஒவ்வொரு இரவும் அரை முஷ்டிக்குச் சற்று அதிகமாக இறங்கியது. நான்காம் இரவு ஒரு முஷ்டி. ஐந்தாம் இரவு தொடுவானத்து மங்கலில் இருக்கிறதா இல்லையா என்று பெரியவரும் நானும் வெகுநேரம் தேடினோம். ஆறாம் இரவு வடக்கைப் பார்க்காமல் நாற்காலிகளைத் தெற்கே திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

வணக்கம்.