ஒரு மிளகு வாடகை

வணக்கம். புது ஊருக்குப் போனால் எல்லோரும் கோட்டையையும் அருங்காட்சியகத்தையும் தேடுவார்கள். நான் தேடுவது பழைய தெருக்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கிற சின்னப் பூங்காவை. ஐந்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம், அவ்வளவுதான் இருக்கும். எனக்கு அதிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும். கூட வருகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக் கதை.

நியூயார்க்கில் பௌலிங் கிரீன் என்று ஒரு பூங்கா, பிராட்வே சாலையின் தென்கோடியில். ஏறக்குறைய அரை ஏக்கர்தான், ஆனால் அந்த நகரத்தின் மிகப் பழைய பொதுப் பூங்கா அது. 1733-ல் நகர மன்றம் அந்த இடத்தை மூன்று பேருக்குக் குத்தகைக்கு விட்டது. வாடகை என்ன தெரியுமா? ஆண்டுக்கு ஒரு மிளகு. ஒரு மூட்டை இல்லை, ஒரு பிடி இல்லை, ஒரே ஒரு மிளகு. சும்மா கொடுத்ததாகிவிடக் கூடாதே, பத்திரத்தில் ஏதாவது ஒன்று வாங்கியதாக இருக்கட்டும் என்பதற்காக ஆங்கிலேயச் சட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். அந்த மிளகை வருடாவருடம் யாராவது கேட்டு வாங்கினார்களா என்பதுதான் என் நெடுநாள் கவலை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1770-ல் அங்கே, அப்போது அந்த ஊரையும் ஆண்டுகொண்டிருந்த இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சிலை வைத்தார்கள். ஈயத்தில் வார்த்து, பொன்முலாம் பூசி, குதிரைமேல் உட்கார்ந்த கோலம். ஜனங்கள் மன்னர்மேல் கடுப்பாக இருந்த காலம் அது. அதனால் அடுத்த வருடமே சுற்றி இரும்பு வேலி போட வேண்டியதாயிற்று. வேலி எத்தனை நாள் தாங்கும்? 1776 ஜூலை 9 அன்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை ஊரில் வாசித்துக் காட்டினார்கள். கேட்ட கூட்டம் நேரே வந்து சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. ஈயத்தின் பெரும்பகுதி கனெக்டிகட்டுக்குப் போய்த் துப்பாக்கிக் குண்டானது. கணக்கும் இருக்கிறது: 42,088 குண்டுகள். மன்னரை உருக்கி மன்னரின் படைமேலேயே சுட்டார்கள்.

சிலைதான் போனது. வேலி போகவில்லை. அந்த 1771-ஆம் வருடத்து வேலி இன்றைக்கும் நிற்கிறது.

முதல் தடவை போனபோது எனக்கு இது தெரியாது. பூங்காவின் வடக்கு முனையில் ஒரு பெரிய வெண்கலக் காளை சிலை உண்டு. எல்லோரும் அதோடு படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள். நானும் நின்றேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்புறம் கால் வலித்து உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். சருகு கூட்டிக்கொண்டிருந்த ஒருவர் துடைப்பத்தை நிறுத்தி, "வேலிக் கம்பத்தின் உச்சியைத் தொட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எழுந்து போய்த் தொட்டேன். வழவழப்பாக இருக்கும் என்று நினைத்த இடம் சொரசொரவென்று இருந்தது. ஒரு கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அறுபட்டிருக்கிறது, அடுத்ததில் பாதியில் ஒரு படி விழுந்திருக்கிறது. உச்சியில் இருந்த அலங்காரங்களை அந்தக் காலத்தில் அறுத்தெடுத்துவிட்டார்கள். அவை கிரீடங்கள் என்று சொல்கிறார்கள். அறுத்தவருக்கு நல்ல அவசரம், அது விரலுக்கே தெரிகிறது.

எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அன்றிலிருந்து நான் தகவல் பலகையைக் கடைசியில்தான் படிக்கிறேன். முதலில் வேலி, அப்புறம் தரை. காளையோடு படம் எடுத்தவர்கள் இருபதடி தள்ளி இருக்கும் அந்தக் கம்பத்தைத் தொடாமலே போகிறார்கள். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

தரை என்றேன் அல்லவா, லண்டனில் போஸ்ட்மேன்ஸ் பார்க் பற்றித்தான் நிறையப் பேச நினைத்து வந்தேன். இந்த ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் போலிருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். அது பழைய கல்லறைத் தோட்டம், 1880-ல் பூங்காவாகத் திறந்தார்கள். தரை தெருவைவிட உயரமாக இருக்கும். தோண்ட இடமில்லாமல் உடல்கள்மேல் மண்ணைப் போட்டு மூடியே வந்ததால் அப்படி. உள்ளே ஒரு தாழ்வாரம். பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண ஜனங்களின் பெயர்களைச் சுடுமண் ஓடுகளில் எழுதிச் சுவரில் பதித்திருக்கிறார்கள். ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ் யோசனை அது, 1900-ல் திறந்தது. போனால் ஆலிஸ் எயர்ஸ் பெயரைத் தேடுங்கள். கொத்துக் கூலியின் மகள், 1885-ல் எரிகிற வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளை... சரி, கை காட்டிவிட்டார்கள். மிச்சத்தை அந்த ஓட்டிலேயே படித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.