தன்னையே தாக்காத உடல்: ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பற்றி

நேயர்களுக்கு வணக்கம்.

நோய் எதிர்ப்புச் சக்தி என்ற சொல்லை நாம் அண்மைக் காலத்தில் மிகுதியாகக் கேட்டுவருகிறோம். அதைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் மாவுகளுக்கும் கசாயப் பொடிகளுக்கும் மாத்திரைகளுக்கும் கணக்கில்லை. அந்தச் சக்தி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் அந்த விளம்பரங்களின் வழியாக நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் ஒரு பெரும் பகுதியினர், இந்தச் சக்தி அளவு மீறியதாலோ திசை தவறியதாலோ துன்பப்படுகிறவர்கள். முடக்குவாதம், முதல் வகை நீரிழிவு, லூபஸ், தைராய்டு கோளாறுகளில் சில, நரம்புகளின் உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகிய எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான்: உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் உடலையே பகையாகக் கருதித் தாக்குகின்றன. அப்படியானால், நம்மில் பெரும்பாலோருக்கு அது ஏன் நடப்பதில்லை என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையின் ஒரு பகுதியைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கு 2025ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய உரை அவர்கள் கண்ட செல்களைப் பற்றியது.

டி செல்கள் என்பவை எலும்பு மச்சையில் தோன்றி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடையும் ஒரு வகை வெள்ளணுக்கள். ஒவ்வொரு டி செல்லின் மேற்பரப்பிலும், எதிர்ப்படும் பொருளை அடையாளம் காணும் ஏற்பி என்ற புரதம் உண்டு. எந்தக் கிருமி எப்போது வரும் என்று உடலுக்குத் தெரியாததால், மரபணுத் துண்டுகளைக் கண்டபடி கலைத்துச் சேர்த்து, கோட்பாட்டளவில் ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட வடிவங்களில் இந்த ஏற்பிகளை உண்டாக்கும் வழியை அது வைத்திருக்கிறது. இதுவரை உலகில் தோன்றாத ஒரு வைரஸைக்கூட அடையாளம் காணக்கூடிய டி செல் நம்மிடம் இருப்பது இதனால்தான். அதே காரணத்தால், நம் கணையத்தையோ மூட்டையோ பகையென்று அடையாளம் காணும் டி செல்லும் உருவாகியே தீரும். தைமஸ் சுரப்பி அத்தகையவற்றைச் சோதித்து அழிக்கிறது. இது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. நீண்ட காலம் இதுவே முழு விளக்கம் என்றும் கருதப்பட்டது. ஆனால் அந்தச் சோதனையில் தப்பிப்பவை உண்டு. முழு உடல்நலத்தோடு இருப்பவரின் இரத்தத்திலும் தன் உடலைத் தாக்கக்கூடிய டி செல்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை அடக்கி வைப்பது எது?

இதற்கான முதல் தடயம் ஜப்பானில் கிடைத்தது. 1969ஆம் ஆண்டில் நிஷிசுகா, சகாகுரா என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாளான எலிக்குஞ்சுகளின் தைமஸை அறுவை செய்து நீக்கினார்கள். தைமஸ் இல்லையென்றால் டி செல்கள் குறையும், எதிர்ப்பு வலுவிழக்கும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் அந்தப் பெண் எலிகளின் சூலகங்கள் சிதைந்துபோயின. ஏழாம் நாளில் நீக்கினால் அத்தகைய கேடு நேரவில்லை. முதலில் இதை நாளமில்லாச் சுரப்பிகளின் கோளாறு என்று எண்ணினார்கள். பிறகுதான், எலியின் சொந்த வெள்ளணுக்களே சூலகத்தைத் தாக்கியிருக்கின்றன என்பது தெளிவாயிற்று. இந்த முடிவை ஒரு புதிராக எடுத்துக்கொண்டவர் ஷிமோன் சகாகுச்சி. தைமஸ் நீக்கப்பட்ட எலிகளுக்கு, அதே மரபுவழியைச் சேர்ந்த நலமான எலிகளின் டி செல்களைச் செலுத்தியபோது நோய் வராமல் தடுக்கப்பட்டது. ஆகவே டி செல்களுக்குள்ளேயே தாக்குபவையும் உண்டு, தாக்குதலைத் தடுப்பவையும் உண்டு. தடுப்பவை தைமஸிலிருந்து சற்றுத் தாமதமாக வெளியே வருகின்றன, மூன்றாம் நாளில் சுரப்பியை நீக்கினால் அவை வராமலே போய்விடுகின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார்.

இந்த முடிவை அந்தக் காலத்தில் ஆய்வுலகம் எளிதில் ஏற்கவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் ‘அடக்கும் டி செல்கள்’ என்ற கருத்து பெரிதாகப் பேசப்பட்டது; நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வெளிவந்தன. அந்தச் செல்களுக்கு அடையாளமாகச் சொல்லப்பட்ட ஐ-ஜே என்ற மரபணுவை 1980களின் தொடக்கத்தில் தேடிப் பார்த்தபோது, அது இருப்பதாகச் சொல்லப்பட்ட இடத்தில் அப்படி ஒரு மரபணுவே இல்லை என்று தெரிந்தது. அதோடு அந்தத் துறை முழுவதும் மதிப்பிழந்தது. ‘அடக்கும் செல்’ என்று ஒரு விண்ணப்பத்தில் எழுதினாலே ஆய்வுக்கு நிதி கிடைக்காது என்ற நிலை வந்தது. சகாகுச்சி செய்தது, என் மதிப்பீட்டில், கோட்பாட்டை வளர்ப்பதைவிட ஒரே சோதனையை மேலும் மேலும் துல்லியமாக்கியதுதான். தடுக்கும் செல்லைப் பிற செல்களிலிருந்து பிரித்துக் காட்டும் ஓர் அடையாளத்தைத் தேடி அவர் பத்தாண்டுக்கும் மேல் செலவிட்டார். 1995ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் அந்த அடையாளம் சிடி25 என்ற புரதம் என்று காட்டினார். பிற வெள்ளணுக்களைத் தூண்டிவிடும் உதவி டி செல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இந்தப் புரதத்தை இயல்பாகத் தாங்கியிருந்தது. அந்தப் பங்கை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை டி செல்கள் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினால் வயிறு, தைராய்டு, சூலகம் என்று பல உறுப்புகளில் அழற்சி தோன்றியது. நீக்கிய பங்கை உரிய நேரத்தில் திருப்பிச் செலுத்தினால் தோன்றவில்லை.

தேர்த் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்கள் ஒரு சிலர். தேர் முனையில் திரும்புவதும், வீட்டுச் சுவரில் மோதாமல் நிற்பதும் அந்தச் சிலரின் கையில் இருக்கிறது. இந்தச் செல்களுக்கு ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று பெயர் வந்தது.

கதையின் இன்னொரு இழை அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. அணுக்கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய்வதற்காக அங்கே எலிகளை வளர்த்தார்கள். 1949ஆம் ஆண்டில், தோல் செதில் செதிலாக உரிந்து, மண்ணீரலும் நிணநீர் முடிச்சுகளும் வீங்கி, பிறந்த சில வாரங்களிலேயே இறந்துபோகும் ஆண் எலிகள் அங்கே பிறந்தன. கேடு எக்ஸ் குரோமோசோமில் இருந்ததால் ஆண் எலிகளே மாண்டன. பெண் எலிகள் அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்தின. ஸ்கர்ஃபி என்று பெயரிடப்பட்ட இந்த எலிகளைத் தாக்குவது அவற்றின் டி செல்களே என்று 1990களில் தெரியவந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் அந்தக் கேடான மரபணுவைத் தேடத் தொடங்கினார்கள். இன்று சில நாட்களில் முடிகிற வேலை அது. அன்றைக்கு ஆண்டுக்கணக்கில் பிடித்தது. ஏறத்தாழ பதினேழு கோடி டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட எக்ஸ் குரோமோசோமில், தேட வேண்டிய பகுதியை ஐந்து லட்சம் எழுத்துகளாகக் குறுக்கினார்கள். அதில் இருபது மரபணுக்கள் இருந்தன. ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வந்தபோது, இருபதாவது மரபணுவில்தான் பிழை தென்பட்டது. அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டார்கள்.

2001ஆம் ஆண்டு அந்தக் கண்டுபிடிப்பு வெளியானபோதே, மனிதர்களிடமும் இதே மரபணுவில் பிழை உண்டு என்பது உறுதியாயிற்று. ஐபெக்ஸ் என்று அழைக்கப்படும் அரிய நோயோடு பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குச் சில மாதங்களுக்குள்ளேயே நீரிழிவும், நிற்காத வயிற்றுப்போக்கும், கடும் தோல் அழற்சியும் ஒன்றாக வருகின்றன. ஒரே ஒரு மரபணு வேலை செய்யாமற்போனால் மனித உடல் தன்னைத்தானே எவ்வளவு விரைவாகச் சிதைத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அடுத்த இரண்டே ஆண்டுகளில், அதாவது 2003இல், இரண்டு இழைகளும் ஒன்றாக முடிச்சிடப்பட்டன: சகாகுச்சி கண்ட செல்களை உருவாக்கி நிலைநிறுத்துவது ஃபாக்ஸ்பி3 மரபணுவே. இதைக் காட்டியவர்களில் அலெக்சாண்டர் ருடென்ஸ்கியும் ஒருவர். 2017இல் சகாகுச்சி, ராம்ஸ்டெல் ஆகியோரோடு ஸ்வீடனின் அறிவியல் கழகம் வழங்கும் கிராஃபோர்ட் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர் பெயர் நோபல் பட்டியலில் இல்லை. மூவருக்கு மேல் பகிர முடியாது என்ற விதி இருக்கும்வரை இத்தகைய விடுபடல்கள் இருக்கத்தான் செய்யும்.

இந்தச் செல்கள் எவ்வாறு தடுக்கின்றன? பல வழிகள் உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன். கிருமியின் துண்டுகளை டி செல்லுக்கு எடுத்துக்காட்டும் டென்ட்ரிடிக் செல், தாக்குதலைத் தொடங்குவதற்கான ஒப்புதலைத் தன் மேற்பரப்பிலுள்ள சில மூலக்கூறுகளின் வழியாக அளிக்கிறது. ஒழுங்குபடுத்தும் செல், சிடிஎல்ஏ-4 என்ற தன் புரதத்தைக் கொண்டு அந்த மூலக்கூறுகளைப் பிடுங்கி விழுங்கிவிடுகிறது. ஒப்புதல் இல்லாததால் தாக்கும் செல் கிளர்ச்சி அடைவதில்லை. இரண்டாவது வழி இண்டர்லூக்கின்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தைப் பற்றியது. டி செல்கள் பெருகுவதற்கு இது தேவை என்று முன்பே தெரியும். ஆகவே இந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கினால் அவற்றின் எதிர்ப்பு குன்றிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். 1993இல் அத்தகைய எலிகளுக்குக் கடுமையான குடல் அழற்சி வந்தது. எதிர்ப்பைத் தூண்டும் என்று நினைத்த பொருள் இல்லாமற்போனதும் எதிர்ப்பு கட்டுக்கடங்காமல் போன இந்த விந்தைக்கு, சிடி25 விடை தந்தது. சிடி25 என்பது இண்டர்லூக்கின்-2இன் ஏற்பியின் ஒரு பகுதி. அதை மிகுதியாகத் தாங்கும் ஒழுங்குபடுத்தும் செல்கள் மிகச் சிறிய அளவு இண்டர்லூக்கின்-2ஐக்கூட முதலில் உறிஞ்சிக்கொள்கின்றன. அவை வாழ்வதற்கு அது தேவை; அவை உறிஞ்சிக்கொள்வதால் தாக்கும் செல்களுக்கு அது கிடைக்காமலும் போகிறது.

இதிலிருந்து ஒரு மருத்துவப் பயன் பிறந்தது. இண்டர்லூக்கின்-2 அதிக அளவில் கொடுக்கப்பட்டு, சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992 முதல் அமெரிக்காவில் மருந்தாகப் பயன்பட்டு வந்தது. அந்த அளவில் அது தாக்கும் செல்களைப் பெருக்கும். அதே பொருளை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால், அதை உறிஞ்சும் ஆற்றல் மிகுந்த ஒழுங்குபடுத்தும் செல்கள் மட்டும் பெருகும். எலும்பு மச்சை மாற்றுக்குப் பிறகு, கொடையாளியின் செல்கள் நோயாளியின் உறுப்புகளைத் தாக்கும் நிலையில் இம்முறை பலருக்கு ஓரளவு நிவாரணம் தந்தது என்று 2011இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஒரே மருந்து, அளவை மாற்றினால் எதிரெதிரான இரண்டு பணிகளைச் செய்கிறது.

புற்றுநோய்க்கு வருவோம், ஏனெனில் இங்கே இந்தச் செல்கள் நமக்குக் கேடு செய்கின்றன. புற்றுக்கட்டி நம் உடலின் சொந்தச் செல்களால் ஆனது. ஆகவே அதையும் இந்தக் காவலர்கள் காத்துவிடுகிறார்கள். சூலகப் புற்றுநோய்க் கட்டிகளில் ஒழுங்குபடுத்தும் செல்கள் மிகுதியாகக் குவிந்திருந்தால் நோயாளியின் ஆயுள் குறைகிறது என்று 2004இல் காட்டப்பட்டது. ஆனால் பெருங்குடல் புற்றுநோயில் சில ஆய்வுகள் நேர்மாறான முடிவைத் தந்தன. ஃபாக்ஸ்பி3 தென்படும் செல்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல, அவற்றில் அடக்கும் ஆற்றல் இல்லாதவையும் உண்டு என்று சகாகுச்சியின் குழு 2016இல் விளக்கிய பிறகே அந்த முரண் ஓரளவு தீர்ந்தது. சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் ஐபிலிமுமாப் என்ற மருந்து 2011இல் தோல் புற்றுநோய்க்கு ஏற்பளிக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான ஆய்வுக்காக ஜேம்ஸ் ஆலிசன் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த மருந்தைப் பெறுபவர்களில் பலருக்குக் குடல் அழற்சியும் சுரப்பிகளின் அழற்சியும் பக்கவிளைவாக வருவதில் வியப்பில்லை, ஏனெனில் தடை கட்டியில் மட்டும் நீங்குவதில்லை, உடல் முழுவதும் தளர்கிறது. கட்டிக்குள் இருக்கும் ஒழுங்குபடுத்தும் செல்களில் மிகுதியாகத் தென்படும் சிசிஆர்8 என்ற ஏற்பியைக் குறிவைத்து, அவற்றை மட்டும் அழிக்கும் மருந்துகள் இப்போது சோதனையில் உள்ளன.

நீரிழிவில் நிலைமை வேறு. முதல் வகை நீரிழிவு உள்ளவரின் இரத்தத்திலிருந்தே இந்தச் செல்களைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, அவருக்கே திருப்பிச் செலுத்தும் முறையை சான் ஃபிரான்சிஸ்கோவில் பதினான்கு பேரிடம் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அதிகபட்சமாக ஒருவருக்கு 260 கோடி செல்கள் வரை செலுத்தப்பட்டன. ஆபத்து எதுவும் நேரவில்லை; சிலரிடம் ஓர் ஆண்டுக்குப் பிறகும் அந்தச் செல்களில் ஒரு பகுதி உயிரோடு இருந்தது. ஆனால் பின்னர் சிறுவர்களிடமும் பதின்பருவத்தினரிடமும் நடந்த பெரிய சோதனையில், மருந்தற்ற ஊசி பெற்றவர்களைவிட இவர்களின் இன்சுலின் சுரப்பு மேலாகப் பாதுகாக்கப்படவில்லை. ஆகவே, நோபல் பரிசுச் செய்தியைக் கேட்டு, நீரிழிவுக்கு இனி ஒரே ஊசி போதும் என்று யாரேனும் சொன்னால், அதை நம்ப வேண்டாம் என்றே இப்போதைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் செல்களைச் சிகிச்சையாகச் செலுத்துவதில் உள்ள தடைகள் இரண்டு. இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் செல்களில் மிகச் சிலவே கணையத்தை அடையாளம் காணக்கூடியவை. மற்றவை எங்கெங்கோ சென்று தங்குகின்றன. அடுத்து, கடும் அழற்சியுள்ள இடத்தில் சில ஒழுங்குபடுத்தும் செல்கள் ஃபாக்ஸ்பி3ஐ இழந்து தாக்கும் செல்களாக மாறக்கூடும் என்பது எலிகளில் கண்டறியப்பட்டுள்ளது. முதல் தடைக்கு, குறிப்பிட்ட உறுப்பைத் தேடிச் செல்லுமாறு செல்லின் மேற்பரப்பில் செயற்கை ஏற்பியைப் பொருத்துகிறார்கள்; மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடம் இம்முறை சோதிக்கப்படுகிறது. இரண்டாவதற்கு, ஃபாக்ஸ்பி3 மரபணுவையே சாதாரண டி செல்களுக்குள் நிலையாகப் புகுத்தும் முயற்சி நடக்கிறது. இதை முதலில் வேண்டி நிற்பவர்கள் ஐபெக்ஸ் நோயோடு பிறந்த குழந்தைகளே. பொருத்தமான கொடையாளி கிடைத்து எலும்பு மச்சை மாற்று செய்வதே இன்று அவர்களுக்கு உள்ள நிலையான சிகிச்சை. கொடையாளி கிடைக்காதவர்களின் சொந்த டி செல்களை எடுத்து, பிழையற்ற மரபணுவைச் சேர்த்து, அவர்களுக்கே திருப்பிச் செலுத்தும் சோதனையை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் தொடங்கியிருக்கிறார்கள்.

வணக்கம்.